“இதற்கு முன் என்ன வாங்கினீர்கள்?”: ஓர் ஊதியக் கேள்வியின் வரலாறு

வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில் இரண்டு கட்டங்கள் அருகருகே இடம்பெறுவது இன்று வழக்கம். ஒன்று, இறுதியாகப் பெற்ற ஊதியம். மற்றொன்று, எதிர்பார்க்கும் ஊதியம். வெறும் தகவல் கேட்பனபோல் தோன்றினும், இவ்விரு கட்டங்களுக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு. இந்திய உயர்கல்வியில் அவ்வரலாற்றைத் தெளிவாகக் காட்டுபவை கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் நான்காண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நியமனங்கள்.

முதலாவது, 1885இல் ஜகதீச சந்திர போஸ் பெற்ற நியமனம். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய அவருக்கு வைசிராய் ரிப்பனின் பரிந்துரையும் இருந்தது. ஆயினும், வங்காளக் கல்வித்துறை இயக்குநர் ஆல்பிரட் கிராப்ட் அவரைத் தயக்கத்தோடுதான் ஏற்றார். அந்நாளில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே உரியது. போஸின் பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி குறைக்கப்பட்டது. எஞ்சியது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் பணியைத் துறக்கவில்லை, ஊதியத்தையும் தொடவில்லை. மூன்றாண்டுகள் குறைவின்றிப் பாடம் நடத்திக்கொண்டே சம்பளத்தை வாங்க மறுத்தார். தந்தையின் கடன்கள் குடும்பத்தை அழுத்திய காலம் அது. குறைந்த தொகையை ஒருமுறை பெற்றுக்கொண்டால் அதுவே அவரது மதிப்பாகப் பதிவாகிவிடும். பின்னர் வரும் எந்தப் பேச்சும் அங்கிருந்தே தொடங்கும். எனவே அவரது மறுப்பைத் தன்மானத்தின் வெளிப்பாடாக மட்டும் பார்த்தல் போதாது. தமக்கென ஒரு குறைந்த ‘ஊதிய வரலாறு’ உருவாவதையே அவர் தடுத்தார் எனலாம். முடிவில் கிராப்டும் கல்லூரி முதல்வர் டானியும் அவரது தகுதியை ஏற்றனர். பணி நிரந்தரமாயிற்று, முழு ஊதியம் நியமன நாள் முதலே கணக்கிடப்பட்டு மொத்தமாக வழங்கப்பட்டது. அத்தொகை கடனை அடைக்க உதவியது.

இக்கதை பெரும்பாலும் இவ்விடத்தில் வெற்றியாக முடிக்கப்படுகிறது. இரண்டாம் நியமனத்தோடு சேர்த்துப் படித்தால் அதன் பொருள் மாறுகிறது.

எடின்பரோவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற பிரபுல்ல சந்திர ராய் 1888இல் நாடு திரும்பினார். ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்த அவர், அக்காலத்தில் ஒரு பகுதியைப் போஸின் இல்லத்திலேயே கழித்தார். 1889இல் அதே கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது மாதம் 250 ரூபாயில் ஒரு தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி. அவர் கிராப்டிடம் முறையிட்டபோது, வாழ்க்கையில் வேறு வழிகளும் உண்டு, இப்பணியை ஏற்குமாறு யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற கருத்தில் விடை வந்ததை ராய் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். ராய் பணியை ஏற்றார். நண்பரின் வெற்றி நண்பரோடு நின்றது, விதி அசையவில்லை.

அசையாதது மட்டுமன்று, அவ்விதி அமைப்பாகவும் இறுகியது. 1886இல் அமைந்த ஐட்சிசன் ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1896இல் கல்வித்துறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு இந்தியக் கல்விப்பணி. இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு மாகாணக் கல்விப்பணி. இனம் என்ற சொல் மறைந்து, ஆள் எடுக்கும் இடம் என்ற சொல் வந்தது. வகுப்பறையில் செய்யும் வேலை ஒன்றாயிருப்பினும் ஊதியம் வேறாகவே நீடித்தது.

இதற்கான கோட்பாட்டை 1912இல் நியமிக்கப்பட்ட இஸ்லிங்டன் ஆணையம் வெளிப்படையாகவே வகுத்தது. தகுதியானவர்களை ஈர்க்கவும், அவர்களை உரிய வசதியோடும் மதிப்போடும் பணியில் வைத்திருக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டுமே அரசு தரவேண்டும் என்பது அதன் சாரம். இங்கு ஊதியத்தின் அளவுகோல் வேலை அன்று. இவர் எவ்வளவுக்கு வருவார் என்ற கணிப்பே. அக்கணிப்பில், ஏற்கெனவே குறைவாகப் பெற்றவர் குறைவுக்கே வருவார்.

விடுதலைக்குச் சற்று முன் இக்கோட்பாடு கேள்விக்குள்ளானது. நீதிபதி வரதாச்சாரியார் தலைமையில் 1946இல் அமைந்து 1947இல் அறிக்கை அளித்த முதல் ஊதியக் குழு, கடைநிலை ஊழியர்க்கும் வாழ்வதற்குப் போதிய ஊதியம் வேண்டும் என்றது. அடிப்படை ஊதியம் 30 ரூபாய், அகவிலைப்படி 25 ரூபாய் என 55 ரூபாயை அது கீழ்வரம்பாக்கியது. மேல்வரம்பு 2000 ரூபாய். எவ்வளவுக்கு வருவார் என்ற கேள்வியின் இடத்தில், எவ்வளவு இருந்தால் வாழ்வார் என்ற கேள்வி வந்தது.

இன்றைய நிலை கலவையானது. அரசுப் பணியில் ஊதிய விகிதம் பொதுவெளியில் உள்ளது. விண்ணப்பிக்கும் முன்பே அறியலாம். தனியார் துறையில் பழைய சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வதும், அதன்மேல் ஒரு விழுக்காடு கூட்டித் தருவதும் பரவலான நடைமுறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் இயற்றிய சட்டம், பணி வாய்ப்பை ஊதியத்தோடு வழங்கும் முன் பழைய ஊதியத்தைக் கேட்பதைத் தடைசெய்தது. இந்தியாவின் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் பாலினப் பாகுபாட்டைத் தடுத்தது, 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் அதைத் தடுக்கிறது; அக்கேள்வியை இரண்டுமே தடுக்கவில்லை.

முதல் வேலையில் பெண் என்பதாலோ, சிற்றூர்க் கல்லூரியில் படித்தவர் என்பதாலோ குறைத்து மதிக்கப்பட்ட ஒருவரை அக்கேள்வி அடுத்தடுத்த வேலைகளிலும் பின்தொடர்கிறது. மூன்றாண்டு ஊதியத்தை மறுத்து நிற்க எல்லோராலும் இயலாது; இயன்றவரின் வெற்றியும் அடுத்தவர்க்குக் கதவைத் திறக்கவில்லை. போஸ் 1885இல் எதிர்த்தது ஒரு தொகையை. ராய் 1889இல் எதிர்கொண்டது ஒரு விதியை. தொகையைத் தனியொருவர் மாற்றலாம். விதியை மாற்றுவதற்கு, வேலைக்கான ஊதியம் வேலையின் பெயரோடு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.