தேக்காவின் தொழுவமும் தோட்டப்பயிரும்

பழந்தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. அச்செல்வத்தின் சுவடு சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் தெருப்பெயர்களாக நிலைத்துள்ளது. எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, கால்நடை வணிகர் பெலிலியோஸின் பெயர் தாங்கிய சாலை ஆகியன அதற்குச் சான்றுகள். ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள்.

மாடுகள் இங்கே திரண்டமைக்கு நிலமே முதற்காரணம். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் நீரும் புல்லும் மிகுந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்நடை வணிகம் தழைத்தது. வண்டிக்கு எருதும், பாலுக்குப் பசுவும், இறைச்சிக்கு எருமையும் நகருக்குத் தேவைப்பட்டன. பணி நாடித் தமிழரும் வட இந்தியரும் வந்து குடியேறினர்.

ஆயினும் புல்லும் நீரும் மட்டுமே கறவை மாட்டுக்குப் போதா. அதன் மடி சுரக்கப் புரதம் செறிந்த உணவும் வேண்டும். இத்தேவையைத் தமிழர் தம் ஊரிலேயே அறிந்திருந்தனர். செக்கில் எண்ணெய் போக எஞ்சுவது பிண்ணாக்கு. மாவரைத்தபின் எஞ்சுவது தவிடு. இரண்டையும் கழுநீரில் ஊறவைத்துத் தொட்டியில் இடுவது கிராமத்து வழக்கம். சிராங்கூன் சாலையை ஒட்டி நல்லெண்ணெய்ச் செக்குகளும் கோதுமை அரைக்கும் கொட்டகைகளும் இயங்கியமையால், அவ்வழக்கம் கடல் கடந்த பின்னும் தளர்வுறவில்லை. கத்தோங் முதலிய கிழக்குக் கரைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் பரவியிருந்தன. கொப்பரையைப் பிழிந்தபின் எஞ்சும் தேங்காய்ப் பிண்ணாக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. நம் ‘புண்ணாக்கு’ என்னும் சொல்லே ‘பூனாக்’ என உருமாறி ஆங்கில வணிக ஏடுகளிலும் இடம்பெற்றது.

அன்னாசியும் இங்கே கருதத்தக்கது. இளம் ரப்பர் மரங்களுக்கு இடையே ஊடுபயிராக விளைந்த அன்னாசி, தேக்காப் பகுதியின் ஆலைகளிலும் பதப்படுத்தப்பட்டது. கனியின் எடையில் ஏறத்தாழப் பாதி தோலும் நடுத்தண்டுமாகக் கழியும். இனிப்புச் சத்துள்ள அக்கழிவு மாடு விரும்பி உண்ணத்தக்கது. ஆனால் அதில் பெரும்பகுதி நீர். வெப்பத்தில் விரைவில் புளித்துவிடும். உலர்ந்த பிண்ணாக்கைக் கப்பலேற்றித் தொலைநாட்டுக்கும் அனுப்பலாம். ஈரத்தோலை அடுத்த ஊருக்கு அனுப்புவதும் அரிது. ஆகவே ஆலையும் தொழுவமும் அண்டை வீடுகளாக இருந்தால்தான் கழிவு தீவனமாகும்; தொலைவு கூடின் தீவனம் குப்பையாகும்.

20ஆம் நூற்றாண்டில் நகரம் நெருங்கி வளர்ந்தது. சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது. தூய்மை, நலவாழ்வு ஆகியவற்றை முன்னிட்டு நகராட்சி விதிகள் இறுகின. 1930களில் மாட்டு வணிகம் இவ்வட்டாரத்தை விட்டு அகன்றது. மக்கள்தொகை மிகுந்த இடத்தில் தொழுவம் நீடித்தல் அரிதென்பதை மறுப்பார் இலர். ஆயினும் தொழுவம் பெயர்ந்தபோது, ஒரு தொழிலின் எச்சம் மற்றொரு தொழிலின் முதலாகிய பிணைப்பும் அறுந்தது.

இன்று மலேசியாவில் செம்பனைப் பருப்பின் பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாகப் பெருமளவில் பயன்படுகிறது. ஆய்வுக்கூடங்கள் அதன் சத்தை அளந்து கூறுகின்றன. அளவுகோல் ஏதுமின்றி, மாட்டின் மடியையும் சாணத்தையும் பார்த்தே தீவனத்தின் தரம் கண்ட தொழுவத்துத் தொழிலாளரின் பெயரோ எந்தத் தெருவிலும் இல்லை. வணிகர் பெயர் சாலைக்கு வாய்த்தது. விலங்கின் பெயரும் வாய்த்தது. எதையும் வீணாக்காத அந்த உழைப்பாளியை நினைவில் நிறுத்துவது நம் கடமையாகும். எருமைச் சாலை வழியே பள்ளி செல்லும் சிறுவனுக்கு அப்பெயரின் பொருளைச் சொல்லும்போது, அவனையும் சேர்த்தே சொல்லுவோம்.