தொன்னுக்கு என்ன விலை? நவுருவின் சுதந்திரக் கணக்கு

சுதந்திரம் எண்டதும் எங்களில் பலருக்குக் கொடியும் தேசிய கீதமும்தான் ஞாபகம் வரும். பசிபிக்கில் உள்ள நவுருவின் கதையில் அவற்றோடு ஒரு விலைக்கணக்கும் இருக்கிறது.

நவுரு வெறும் 21 சதுர கிலோமீற்றர் தீவு. அங்கே தரமான பொஸ்பேற்று இருப்பது 1900இல் தெரியவந்தது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தீவை இழந்தது. 1919இல் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒப்பந்தம் போட்டு, பொஸ்பேற்றை 42, 42, 16 சதவீதமாகப் பங்கு பிரித்தன. தீவின் மக்களை ஒருத்தரும் கேட்கவில்லை.

சூட்சுமம் விலையில்தான் இருந்தது. மூன்று நாடுகளும் பொஸ்பேற்றை உலகச் சந்தை விலைக்கு எடுக்கவில்லை. தோண்டி ஏற்றுகிற செலவை ஒட்டிய விலைக்கே எடுத்தன. கணக்கில் இலாபமே இல்லையெண்டால், நவுரு மக்கள் எதில் பங்கு கேட்பது? அவர்களுக்குக் கிடைத்தது தொன்னுக்குச் சில பென்ஸ்தான். உண்மையான இலாபம் மலிவு உரமாக அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்குப் போனது. சின்னத் தீவொன்று பணக்கார நாடுகளின் விவசாயத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது.

1960களில், மண் முடிந்துவிடும், குயின்ஸ்லாந்துக் கரையோரமுள்ள கேர்ட்டிஸ் தீவுக்கு வந்து குடியேறுங்கள் எண்டு அவுஸ்திரேலியா சொன்னது. தனி மக்களாக இருக்கும் உரிமை போய்விடும் என்பதால் 1964இல் நவுரு மறுத்தது. அதன்பின் ஹாமர் டிரோபேர்ட் தலைமையிலான குழு பொருளியல் ஆலோசகர்களின் துணையோடு பேச்சுவார்த்தைக்குப் போய், உலக விலையை முன்வைத்து வாதாடியது. 1967 உடன்பாட்டின்படி, சுரங்கத் தொழிலை நவுரு 21 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கியது. தங்கள் மண்ணைத் தோண்டிய இயந்திரங்களுக்கும் அவர்களே காசு கட்டினார்கள்.

1968 ஜனவரி 31இல் சுதந்திரம். போரின்போது யப்பானியர் ட்ரக் தீவுக்குக் கொண்டுபோன சுமார் 1,200 பேரில் உயிர்தப்பிய 737 பேர், 1946இல் ஊர் திரும்பியதும் அதே நாளில்தான்.

ஆனால் ஒரு கணக்கு தீராமல் கிடந்தது. சுதந்திரத்துக்கு முன்பே தோண்டப்பட்ட மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ஆர் சீராக்குவது? இதை ஆராய 1986இல் நவுரு அமைத்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைச் சட்ட அறிஞர் சி. ஜி. வீரமந்திரி. 1989இல் நவுரு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1993இல் அவுஸ்திரேலியா 107 மில்லியன் டொலர் தரச் சம்மதித்தது.

கதையை இங்கே வெற்றியாக முடித்தால் அது அரைக் கதை. 1970களில் ஆள்வீத வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த நவுரு, பிழையான முதலீடுகளாலும் ஊதாரித்தனத்தாலும் 2000களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட வங்குரோத்து நிலைக்கு வந்தது. வெளியாரிடம் அவ்வளவு கறாராகக் கேட்ட கணக்கை, தங்கட ஆட்சியாளர்களிடம் அதே கறாரோடு கேட்க வழி இருக்கவில்லை. விடுதலையைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்தே கதைக்க வேணும்.