தொடர் கருச்சிதைவு: பெரம்பலூர், அரியலூர்

ஒரு பெண்ணுக்குக் கரு மீண்டும் மீண்டும் கலைவதே தொடர் கருச்சிதைவு. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இரண்டு முறை கலைந்தாலே காரணம் தேடச் சொல்கிறது. பிரிட்டனில் மூன்று முறை என்பது கணக்கு. நூறு தம்பதியரில் ஒன்றிரண்டு பேருக்கு இது நேர்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ‘கரு தங்கல’ என்பார்கள். பருத்தி எடுக்கப் போனது, பஸ்ஸில் குலுங்கியது என்று பழி பெண்ணின் மேலேயே விழும். அது நியாயமில்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிழைபட்டவை. கரு உருவாகும்போதே நேர்ந்துவிடும் பிழை அது. தாயின் வயது 35-ஐத் தாண்டினால் கூடுகிறது.

சிகிச்சையால் பலன் கிடைக்கும் முக்கியக் காரணம், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி. உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைப் பாதிக்கின்றன. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் 12 வார இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். ஒருமுறை பாசிட்டிவ் வந்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது. லூபஸ் பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்காமல், சாதாரணமாக வெளியூர் லேபுக்கு அனுப்பினால் முடிவு தவறிவிடும். நோய் உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தருவார்கள். 1997-இல் லண்டனில் 90 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினருக்கும், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதத்தினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது.

கருப்பைக்குள் தடுப்புச்சுவர் இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேனில் பார்க்கலாம். தைராய்டு, சர்க்கரை பரிசோதனைகளுக்குப் பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளியுள்ள திருச்சிவரை போக வேண்டியதில்லை, உள்ளூரிலேயே பார்க்கலாம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. தொற்றுகளைத் தேடப் பலரும் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் டார்ச் பரிசோதனையை மருத்துவ வழிகாட்டுதல்கள் தொடர் கருச்சிதைவுக்குப் பரிந்துரைப்பதில்லை.

தொடர் கருச்சிதைவு நேர்ந்த நூறு தம்பதியரில் மூன்று, நான்கு ஜோடிகளில், இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கணவனிடமும் இருக்கலாம் என்பதால், குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப்பிங் பரிசோதனையை இருவருக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். மனைவியை மட்டும் அனுப்புவது பாதிப் பரிசோதனை. தமிழகத்தில் சொந்தத்தில் திருமணம் அதிகம். ஆனால் தாய்மாமனைக் கட்டியதால்தான் கரு மீண்டும் மீண்டும் கலைகிறது என்று சொல்ல உறுதியான சான்று இல்லை.

கலைந்த கருவின் திசுவிலும் விடை இருக்கும். கருப்பையைச் சுத்தம் செய்யும்போது எடுக்கும் திசுவை ஃபார்மலினில் போட்டால் செல்கள் இறந்துவிடும். அவற்றை வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது. கிருமி நீக்கிய சலைனில் அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய ஸ்கேன் தாள்கள், எத்தனையாவது வாரத்தில் கலைந்தது என்ற குறிப்பு, டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. இவர்களிலும் பெரும்பாலோருக்கு அடுத்தடுத்த கர்ப்பத்தில் குழந்தை பிறக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு, கருச்சிதைவு நேர்ந்தால் சம்பளத்துடன் 6 வார விடுப்பு சட்டப்படி உண்டு. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் பெண் இதைக் கேட்டுப் பெறலாம். சின்ன வெங்காயக் காட்டில் கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.