அடக்கி அறியும் முறை: மூளை ஆராய்ச்சியில் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டின் வரலாறு

ஓர் உறுப்பு நன்றாக இயங்கும்போது அதன் பயன் எளிதில் புலப்படுவதில்லை. அது கெட்ட பின்னரே புலப்படுகிறது. மூளையைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றுக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரையடுத்த மருத்துவமனையொன்றில் நோயாளி ஒருவர் இறந்தார். பல்லாண்டுகளாக அவர் வாயினின்றும் 'டான்' என்னும் ஓரசையன்றி வேறு சொல் பெரும்பாலும் வந்ததில்லை. பால் புரோக்கா என்னும் மருத்துவ அறிஞர் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். பேச்சுக்கும் அப்பகுதிக்கும் உள்ள தொடர்பு அன்று வெளிப்பட்டது. இழந்ததைக் கொண்டு இருந்ததன் பயனை உணரும் முறை அது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினா மேலும் நுண்ணிய வடிவம் பெற்றது. மனிதரிடம் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மூளையில் எங்கேனும் எப்போதேனும் இயங்குகின்றன. தலையில் அடிபட்டு மூளை வீங்கும்போது அவற்றுள் எது காக்கிறது? எது கெடுக்கிறது? இதனை அறிய வேண்டுமாயின், ஒரே ஒரு மரபணுவை, வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அடக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு வழி செய்ததே ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்னும் முறை.

மூல ஏடும் படியும்

மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் அமிலத்தில் எழுதப்பட்டு, உயிரணுவின் கருவுக்குள் காக்கப்படுகின்றன. அவற்றை மூல ஏடு எனலாம். மூல ஏடு வெளியே வருவதில்லை. வேண்டும்போதெல்லாம் அதினின்றும் படி எடுக்கப்படுகிறது. அப்படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்பது பெயர். உயிரணு அப்படியைப் படித்தே புரதத்தை ஆக்குகிறது.

ஆகவே, ஒரு மரபணுவை அடக்குவதற்கு இருவழிகள் உண்டு. மூல ஏட்டிலேயே அப்பகுதியைச் சிதைத்துவிடுவது ஒன்று. அவ்வாறு மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் 1989இல் முதன்முதலாக உருவாக்கப்பட்டன. அம்முறை உறுதியானது, ஆயினும் அதில் குறையும் உண்டு. அச்சுண்டெலி கருவிலிருந்தே அம்மரபணு இன்றி வளர்கிறது. சில பிறந்தவுடன் மடிகின்றன. வேறு சிலவற்றில், இல்லாத மரபணுவின் பணியை மற்றொன்று ஏற்றுக்கொள்கிறது. மூல ஏட்டைத் தொடாமல் படிகளை மட்டும் அழிப்பது இரண்டாவது வழி. ஆர்.என்.ஏ. குறுக்கீடு செய்வது இதுவே. அவ்வழி தெரிந்தது மூளை ஆராய்ச்சிக் கூடத்திலன்று, ஒரு பூச்செடியில்!

வெளுத்த மலர்கள்

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கரோலின் நப்போலி, ரிச்சர்ட் ஜோர்கென்சன் முதலியோர் பெட்டூனியா மலரின் ஊதா நிறத்தை மிகுவிக்க எண்ணினர். நிறத்தை ஆக்கும் மரபணு ஒன்றை அச்செடியில் கூடுதலாகப் புகுத்தினர். நிறம் அடர்ந்திருக்க வேண்டும். ஆனால் பல செடிகளில் மலர்கள் வெளுத்துப் போயின. புகுத்திய மரபணு மட்டுமன்றி, செடிக்கு இயல்பாயிருந்த மரபணுவும் சேர்ந்து அடங்கிவிட்டது. 1992இல் இத்தாலியில் ரோமானோ, மசீனோ ஆகிய இருவரும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையில் இதனையொத்த நிகழ்ச்சியைக் கண்டனர்.

1995இல் மற்றொரு புதிர் தோன்றியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் குவோ, கெம்பியூஸ் என்போர் சீ. எலிகன்ஸ் என்னும் சிறு புழுவின் மரபணு ஒன்றை அடக்க முயன்றனர். தூது ஆர்.என்.ஏ.வுக்கு எதிரிணையான இழையைச் செலுத்தியபோது மரபணு அடங்கியது. இஃது எதிர்பார்த்ததே. ஒப்பீட்டுக்காக, பயனற்றதென்று கருதிய நேரிழையையும் செலுத்தினர். அதுவும் மரபணுவை அடக்கியது! காரணம் விளங்கவில்லை.

புழு தந்த விடை

அவ்விடையை 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். ஃபயர் பால்டிமோர் நகரிலிருந்த கார்னகி ஆய்வகத்தைச் சேர்ந்தவர். மெல்லோ மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர். அவர்கள் நேரிழையையும் எதிரிழையையும் நன்கு தூய்மைப்படுத்தித் தனித்தனியே செலுத்தினர். பயன் மிகச் சிறிதே. இரண்டையும் இணைத்து ஈரிழையாகச் செலுத்தியபோது மரபணு முற்றும் அடங்கியது. தசைக்குரிய மரபணு ஒன்றை இவ்வாறு அடக்கியதும் புழு துடிதுடித்தது. ஓர் உயிரணுவுக்குச் சில மூலக்கூறுகளே போதுமாயிருந்தன. முந்திய ஆய்வுகளில் மாசுபோற் கலந்திருந்த சிறிதளவு ஈரிழையே அடக்கும் வேலையைச் செய்தது என்பது அப்போது தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவருக்கும் 2006இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிரணுக்குள் நிகழ்வது யாது? டைசர் என்னும் நொதி நீண்ட ஈரிழையை 21 முதல் 23 எழுத்துகள் அளவுள்ள சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அர்கோனாட் என்னும் புரதம் அத்துண்டின் ஓர் இழையைப் பற்றிக்கொள்கிறது. அவ்விழைக்கு ஒத்த எழுத்துத் தொடருள்ள படி எங்கே எதிர்ப்பட்டாலும் அதனை வெட்டிவிடுகிறது. இச்சிறு துண்டுகளை 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஹாமில்டன், பால்கோம்ப் ஆகியோர் தாவரங்களில் முதலிற் கண்டனர். தாவரங்கள் வைரஸ்களை எதிர்த்துப் போரிடுவதும் இக்கருவியைக் கொண்டே.

புழுவுக்கு ஏற்ற முறை பாலூட்டிகளுக்கு ஏற்கவில்லை. 30 எழுத்துகளுக்கு மேற்பட்ட ஈரிழை உள்ளே வந்தால், பாலூட்டியின் உயிரணு அதனை வைரஸ் படையெடுப்பென்று கருதி, புரத ஆக்கம் முழுவதையுமே நிறுத்திவிடும். 2001ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தாமஸ் டுஷலும் அவர் குழுவினரும், டைசர் நறுக்கித் தரும் அளவான 21 எழுத்துத் துண்டுகளை ஆய்வகத்திலேயே ஆக்கி மனித உயிரணுக்களிற் செலுத்தினர். காவலும் கிளம்பவில்லை, குறித்த மரபணுவும் அடங்கியது. மூளை ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தது அன்றுதான்.

மூளைக்குள் நுழைதல்

குருதிக்கும் மூளைக்கும் இடையில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. குருதியிற் செலுத்திய ஆர்.என்.ஏ. எளிதில் அதனைக் கடப்பதில்லை. எனவே, தீங்கு நீக்கப்பட்ட வைரஸ்களுக்குள் அடக்கும் ஆர்.என்.ஏ.வுக்குரிய கட்டளையை வைத்து, மூளையில் நேரே செலுத்தும் வழி கையாளப்பட்டது. உயிரணுவுக்குள் அக்கட்டளை கொண்டையூசி போல் வளைந்த ஆர்.என்.ஏ.வாக வெளிப்படும், டைசர் அதனை நறுக்கிக்கொள்ளும். நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லையாதலின், ஒருமுறை புகுத்திய கட்டளை அவற்றில் நெடுநாள் நிலைத்திருக்கும்.

2002இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெவர்லி டேவிட்சன் குழுவினர், ஒளிரும் புரதம் ஒன்றைச் சுண்டெலியின் மூளையில் இவ்வாறு அடக்கிக் காட்டினர். 2004இல், சிறுமூளை தேய்ந்து நடை தள்ளாடும் பரம்பரை நோயுள்ள சுண்டெலிகளில், நோய்க்குக் காரணமான மரபணுவை அடக்கினர், நடை சீர்பட்டது. 2005இல் ஹண்டிங்டன் நோயின் சுண்டெலி வகையிலும் நற்பயன் கண்டனர்.

2007இல் வேறொரு வழி வெளிவந்தது. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பணுக்களைத் தேடிச் சென்று பற்றும் இயல்புடையதன்றோ? மஞ்சுநாத் சுவாமி தலைமையில் ஹார்வர்டு அறிஞர்கள் அவ்வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதனோடு ஆர்.என்.ஏ.வைப் பிணைத்துக் குருதியிற் செலுத்தினர். அது தடுப்புச் சுவரைக் கடந்து மூளையை அடைந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு இரையான சுண்டெலிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதனால் உயிர் பிழைத்தன.

அடிபட்ட மூளை

இம்முறையின் தனிச் சிறப்பு மூளைக் காயத்தின் ஆராய்ச்சியிலேயே நன்கு விளங்கிற்று. மண்டையோடு விரிந்து கொடுப்பதில்லை. உள்ளே மூளை வீங்கினால் அழுத்தம் பெருகி, குருதியோட்டம் தடைப்பட்டு, உயிருக்கே இறுதி நேரும். வீக்கத்தின் காரணம் நீர். மூளையில் நீர் செல்லும் வாயில்களுள் தலையாயது அக்குவாபோரின்-4 என்னும் புரதம். அதன் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில், ஒருவகை வீக்கம் குறைந்ததென்று 2000இல் ஓர் ஆய்வு காட்டிற்று. மற்றொரு வகை வீக்கம் மிகுந்ததென்று 2004இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. நீரை உள்ளே விடுவதும் தேங்கிய நீரை வெளியே போக்குவதும் அவ்வாயிலே என்பதே இம்முரண்பாட்டின் காரணம்.

பிறவியிலேயே வாயில் இல்லாத விலங்கைக் கொண்டு, அடிபட்ட பின் சில நாட்கள் மட்டும் வாயிலை அடைத்தால் என்ன ஆகும் என்று அறிய இயலாது. ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் இயன்றது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் ஜெரோம் பதோ குழுவினர், தலையில் அடிபட்ட இளம் எலிகளுக்கு அக்குவாபோரின்-4ஐ அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினர். வீக்கம் குறைந்தது, உடலியக்கம் தேறியது, வாரங்கள் பல சென்ற பின் சோதித்தபோது இடம் நினைவுகொள்ளும் ஆற்றலும் மேம்பட்டிருந்தது. இவ்வாய்வு 2013இல் வெளியாயிற்று.

இதனினும் வியப்பானது டப்ளின் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியினர் 2012இல் வெளியிட்ட செய்தி. மூளைக் குருதிநாளங்களின் சுவரணுக்களை நெருக்கிப் பிணைப்பது கிளாடின்-5 என்னும் புரதம். அதன் மரபணு இல்லாத சுண்டெலிகள் பிறந்த ஒரு நாளைக்குள் மடியும் என்பது 2003இலேயே தெரிந்தது. ஆகவே, வளர்ந்த விலங்கில் அதன் பணியை நீக்கல் முறையால் ஆராய்வதற்கு வழியில்லை. டப்ளின் அறிஞர்கள் அதனைச் சிறிது காலம் மட்டும் அடக்கினர். சுவர் தளர்ந்தால் வீக்கம் மிகும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் தேங்கிய நீர் குருதிக்கு வடிந்து, வீக்கம் குறைந்தது. சுண்டெலிகளின் அறிதிறனும் மேம்பட்டது.

எழுந்த ஐயம்

இத்தகைய வெற்றிகளுக்கிடையே அடிப்படையான ஓர் ஐயம் எழுந்தது. அடங்கியது குறித்த அந்த மரபணு மட்டுந்தானா? ஒரு தொடரைத் தேடி அழிக்கும் கருவி, அதனை ஓரளவே ஒத்த வேறு தொடர்களையும் அழிக்கக்கூடும் என்பதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேலும், உயிரணுவுக்கே உரிய நுண் ஆர்.என்.ஏ.க்கள் பல உண்டு. இவற்றை 1993இல் முதலில் அறிவித்த ஆம்ப்ரோஸ், ருவ்கன் ஆகியோருக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. அவை இயங்குவதும் இதே டைசர், அர்கோனாட் கருவிகளைக் கொண்டே. வெளியிலிருந்து மிகுதியாகப் புகுத்தும் ஆர்.என்.ஏ. அக்கருவிகளைப் பறித்துக்கொண்டால், வீட்டுக்குரியவர் வேலை கெடுமன்றோ? ஸ்டான்போர்டு அறிஞர்கள் 2006இல் சுண்டெலிகளின் கல்லீரலில் 49 கொண்டையூசி ஆர்.என்.ஏ.க்களைச் சோதித்தபோது, 36 ஈரலுக்குத் தீங்கு செய்தன. அவற்றுள் 23 உயிரையே போக்கின.

மூளை ஆராய்ச்சியில் இவ்வையத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு டபிள்கார்ட்டின் என்னும் மரபணு. இது பழுதுற்ற மனிதரிடம், கருவில் நரம்பணுக்கள் மூளைப் புறணிக்குச் சென்று சேராமல் வழியிலேயே நின்றுவிடுகின்றன. வலிப்பும் அறிவுக் குறைபாடும் விளைகின்றன. ஆனால் இம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் புறணி ஏறக்குறைய இயல்பாகவே அமைந்திருந்தது. 2003இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஜோசப் லோதுர்க்கோ குழுவினர், எலிக்கருவின் மூளையில் இதனைக் கொண்டையூசி ஆர்.என்.ஏ.வால் அடக்கியபோது, மனிதரிடம் காண்பது போலவே நரம்பணுக்கள் வழியில் நின்றன. நீக்கல் முறை காட்டாததை அடக்கல் முறை காட்டிவிட்டது என்று பலரும் கருதினர்.

2014இல் ஜோசப் கிளீசன் குழுவினர் எளிய சோதனை ஒன்று செய்தனர். டபிள்கார்ட்டின் மரபணுவே இல்லாத சுண்டெலிக்கருவில் அதே அடக்கும் முறையைக் கையாண்டனர். அடக்குவதற்கு அங்கே எதுவுமில்லை. ஆகவே, எந்த மாற்றமும் தோன்றலாகாது. ஆயினும் நரம்பணுக்கள் அங்கும் வழியில் நின்றன! உயிரணுவின் சொந்த நுண் ஆர்.என்.ஏ.க்களுள் லெட்-7 என்பதன் அளவு குலைந்திருந்ததை அவர்கள் கண்டனர். இதனால் முந்திய ஆய்வு முழுவதும் பொய்யாகிவிடவில்லை. அடக்கிய மரபணுவை மீண்டும் இயங்கச் செய்ததும் எலிகளின் குறைபாடு தணிந்ததென்று 2009இல் லோதுர்க்கோ குழுவினர் காட்டியிருந்தனர். எனினும், ஒரு விளைவைக் கண்டவுடன் அதற்குக் காரணம் இன்ன மரபணு என்று துணிவது தகாது என்பதை ஆராய்ச்சியுலகம் உணர்ந்தது.

அதன் பயனாகச் சில நெறிகள் வேரூன்றின. ஒரே மரபணுவை வெவ்வேறு இடங்களில் தாக்கும் இரண்டு மூன்று துண்டுகள் ஒரே விளைவைத் தர வேண்டும். அடக்குதலுக்கு அகப்படாத வடிவில் அம்மரபணுவைத் திருப்பித் தந்தால் குறை நீங்க வேண்டும். அம்மரபணு இல்லாத விலங்கில் விளைவு தோன்றாதிருக்க வேண்டும். கருவியும் திருந்தியது. கொண்டையூசி வடிவம் சுண்டெலி மூளைக்கு ஊறு செய்ததைக் கண்ட டேவிட்சன் குழுவினர், அதே தொடரை இயற்கையான நுண் ஆர்.என்.ஏ.வின் சட்டகத்துள் பொருத்தினால் ஊறு தணிவதை 2008இல் காட்டினர்.

மருந்தாக மாறுதல்

சிறு ஆர்.என்.ஏ. வகையில் முதல் மருந்தான பட்டிசிரான் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது தணிப்பது நரம்பு நோய். ஆனால் மரபணுவை அடக்கும் இடம் கல்லீரல். மூளைக்குள்ளேயே செயற்படும் முறைகளும் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஹண்டிங்டன் நோயாளிகளின் மூளையில் வைரஸ் வழியே நுண் ஆர்.என்.ஏ. சட்டகத்தைச் செலுத்தும் சோதனை 2020இல் தொடங்கியது. உயர்ந்த அளவு மருந்து பெற்று மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டோரிடம் நோயின் வேகம் வெகுவாகக் குறைந்ததாக 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு கணக்கிடப்பட்டோர் பன்னிருவரே. ஒப்பிடப்பட்டோர் அச்சோதனைக்கு வெளியே இருந்த நோயாளிகள்.

ஒருமுறை செலுத்தினால் மீட்டெடுக்க இயலாத மருந்து இது. எனவே, அடங்கியது எது என்னும் கேள்வி இனி எலிக்கும் சுண்டெலிக்கும் மட்டும் உரியதாயிராது. 2014இல் அடக்குவதற்கு எதுவுமில்லாத இடத்தில் அடக்கிப் பார்த்தவர்களின் ஐயம், நோயாளியின் படுக்கையருகிலும் உடனிருக்க வேண்டும்.