களத்திலேயே கழிந்த வைத்தியச் செலவு

ஓய்வூதியத்தில் நடக்கும் வீடுகளில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்தால் மருந்துக்கடை ரசீதுகளைத் தேடும் வேலை தொடங்கிவிடும். வருமான வரிச் சட்டம் கொண்டுவந்த புதுத் தொல்லை இது என்றே பலரும் நினைக்கிறோம். செங்கல்பட்டுச் சீமையின் பழைய கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. வைத்தியச் செலவுக்காக வரியில் ஒரு பங்கை ஒதுக்குவது இந்த மண்ணில் மிகப் பழைய வழக்கம். பின்னால் மாறியது ஒன்றுதான்: அந்தக் கணக்கை எழுதிவைக்கும் பொறுப்பு ஊரிடமிருந்து நோயாளியின் தலைக்கு வந்து சேர்ந்தது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டு, அதாவது 1067-ஐ ஒட்டிய, நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வயலைக்காவூரின் வரி வருவாய் இந்தக் கோயிலுக்கு விடப்பட்டது. கோயிலை ஒட்டி வேதப் பள்ளியும் மாணவர் விடுதியும் வீரசோழன் என்ற ஆதுலசாலையும் (மருத்துவமனையும்) நடந்தன. நோயாளிகளுக்குப் பதினைந்து படுக்கைகள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை (அறுவை சிகிச்சை) செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் இருவருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கூலி. இரவெல்லாம் எரியும் விளக்கு எண்ணெய்க்கும் ஒதுக்கீடு. அதற்குப் பிறகு வருவதுதான் கல்வெட்டின் சிறப்பான பகுதி: ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று கிட்டத்தட்ட இருபது பெயர்கள். எந்த ஊரின் வரி என்பது முதலில் முடிவாகிறது. அந்த வருவாயில் எது எவ்வளவு என்று பிறகு எழுதப்படுகிறது. நோய் வருவதற்கு முன்பே செலவுக்குக் கணக்கு இருந்தது.

இதைப் பொற்காலப் பெருமையாக்கிவிடக் கூடாது என்பார்கள். சரிதான். அந்தப் பதினைந்து படுக்கைகள் கோயில் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்குமாக ஏற்பட்டவை. வரி கட்டிய வயலைக்காவூர்க் குடியானவர் அங்கே படுத்திருப்பார் என்று நம்ப இடமில்லை. ஆனால் சாதாரண வீடுகளின் வைத்தியமும் பொதுக் கணக்கில் இருந்ததற்கு வேறு சான்று உண்டு. ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அறுத்த நெல்லைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிடுவதற்கு முன்னரே, களத்தில் வைத்தே, கோயில், ஏரி, கணக்கர், கொல்லர், நாவிதர் என்று பலருக்கும் மேரை, சுதந்திரம் என்ற உரிமைப் பங்குகளாக நெல் கழிக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. நாவிதர் குடும்பமே ரண வைத்தியமும் பிள்ளைப்பேறும் பார்த்த காலம் அது. ஆகவே வைத்தியச் செலவும் வரி விழும் முன்பே கழிந்தது. இதிலும் சமத்துவம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். சேரிக்கு வந்த பங்கு வேறு; நெற்களமே இல்லாத மீனவர் குப்பங்களை இந்த ஏற்பாடு எட்டியிருக்காது என்பதே என் ஊகம். என் வாதம் ஏற்பாட்டின் நியாயத்தைப் பற்றியது அல்ல, கணக்கின் வரிசையைப் பற்றியது.

கம்பெனி ஆட்சி வேரூன்றியதும் களத்துக் கழிவுகள் சுருங்கின. 1860-ல் வருமான வரி வந்தது. வைத்தியச் செலவு வரிக் கணக்குக்குள் திரும்பி வந்தபோது வரிசை தலைகீழாகியிருந்தது: முதலில் செலவழி, பிறகு நிரூபி. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டி பிரிவில், காப்பீடு இல்லாத மூத்தோரின் நேரடி மருத்துவச் செலவுக்கும் கழிவு உண்டு என்பது 2015-ல் சேர்ந்தது, அதுவும் 80 வயதைத் தொட்டவர்களுக்கு மட்டும். 2018 பட்ஜெட்தான் வயதை 60 ஆக்கி, வரம்பை 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்த்தியது. ரொக்கமாகக் கொடுத்த மருத்துவச் செலவு இதில் சேராது. மருந்துக்கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கும் பெரியவர்களே இதனால் அதிகம் இழக்கிறார்கள். ரசீது கேட்காமல் மோசடியை எப்படித் தடுப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வருவாயை ஒதுக்கியவரே கணக்கையும் வைத்த பழைய முறையில், நோயாளி தன் நோய்க்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. 2023-24 முதல் தானாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது.

பழைய வரிமுறையில் இருக்க நினைக்கும் ஓய்வூதியர்கள் திருமுக்கூடல் கணக்கர் செய்ததையே செய்யலாம்: ஆண்டு முழுவதும் வேண்டிய மருந்துகளை ஏப்ரலிலேயே பட்டியலிடுங்கள், மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை என்று தனித்தனித் தலைப்பில் ரசீதுகளைச் சேருங்கள், பணத்தைக் காசோலையாகவோ அட்டையிலோ கொடுங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.