1931: நான்கு திங்களின் கதை

வரலாற்றை நாம் ஆண்டுக்கணக்கில் படிக்கிறோம். எனினும், ஒரு நூற்றாண்டின் போக்கையே சில திங்கள்கள் காட்டிவிடுவதுண்டு. 1931 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான காலம் அத்தகையது. முதல் உலகப் போர் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இனிப் போர் வேண்டா என்பதே மக்களின் விருப்பமாக இருந்தது. ஆனால், விருப்பம் மட்டும் காவலாகுமா?

செப்டம்பர் 18 இரவு, மஞ்சூரியாவில் முக்தென் நகருக்கருகே, ஜப்பானியர் நிருவகித்த இருப்புப்பாதையில் குண்டு வெடித்தது. சேதம் மிகச் சிறிது. சற்று நேரத்தில் ஒரு தொடர்வண்டி அவ்வழியே கடந்தும் சென்றது. பழியைச் சீனர்மேல் சுமத்திய ஜப்பானியப் படை, மறுநாளே நகரைக் கைப்பற்றியது. குண்டு வைத்தவர்கள் அப்படையின் அதிகாரிகளே என்பது பின்னர் வெளிப்பட்டது. சீனா ஜெனீவாவில் இருந்த பன்னாட்டுச் சங்கத்திடம் முறையிட்டது. நவம்பர் 16க்குள் ஜப்பானியப் படை விலக வேண்டும் என்று அக்டோபர் 24இல் 13 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தது ஜப்பான் ஒன்றே. ஒருமித்த முடிவே செல்லும் என்ற விதியால் அந்த ஒரு வாக்கே தீர்மானத்தை முடக்கிற்று. டிசம்பர் 10இல் விசாரணைக் குழு அனுப்ப முடிவாயிற்று. வங்காளத்தின் முன்னாள் ஆளுநர் லிட்டன் பிரபு தலைமையேற்ற அக்குழுவின் அறிக்கை 1932இல் வெளிவந்தபோது, மஞ்சூரியாவில் ஜப்பானின் பொம்மை அரசே நிறுவப்பட்டுவிட்டது.

முக்தென் நிகழ்ந்த மூன்றாம் நாள், செப்டம்பர் 21இல், பிரிட்டன் பொன் திட்டத்தைக் கைவிட்டது. பவுண்டுக்கு ஈடாகக் குறித்த அளவு பொன் தருவோம் என்ற உறுதிமொழி அன்றோடு முடிந்தது. மே மாதம் வியன்னாவின் பெருவங்கி ஒன்று நொடித்ததில் தொடங்கிய அச்சம், ஜூலையில் ஜெர்மனியைத் தாக்கி, இலண்டனை வந்தடைந்ததன் விளைவு இது. 4.86 டாலர் பெற்ற பவுண்டு, டிசம்பரில் 3.50க்கும் கீழிறங்கியது.

அதன் அலை நம் ஊர்களையும் தொட்டது. ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று ரூபாய் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்ததால், ரூபாய்க் கணக்கில் பொன் விலை ஏறிற்று. அப்போதோ, பெருமந்தத்தால் தானிய விலை வீழ்ந்து, வரியும் வட்டியும் கட்ட வழியற்றிருந்தனர் குடியானவர்கள். காதிலும் கழுத்திலும் இருந்த பொன் விலையாயிற்று. பம்பாய்த் துறைமுகம் வழியே கப்பலேறி இலண்டன் சென்றது. ஆட்சியாளர் இதனை இலாபம் என்றனர். விற்ற குடும்பங்களுக்கோ அது இழப்பு.

இதே காலத்தில், வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியடிகள் இலண்டனில் இருந்தார். செப்டம்பர் இறுதியில் லங்காஷயரின் டார்வென் பகுதிக்குச் சென்றார். அந்நியத் துணி விலக்கும் காரணமாக, அங்கு ஆலைகள் நலிந்து பலர் வேலையிழந்திருந்தனர். அவர்கள் நடுவிலேயே அவர் தங்கினார். அவர்கள் துயரைக் கேட்டார். இந்தியச் சிற்றூர்களின் வறுமையை எடுத்துரைத்தார். தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை; அவர்களைப் பகைவராகவும் கருதவில்லை. ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரிக்கும் ஒளிப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

மாநாடு டிசம்பர் முதல் நாள் பயனின்றி முடிந்தது. டிசம்பர் 28இல் பம்பாய் திரும்பிய அடிகள், 1932 ஜனவரி 4இல் சிறைப்பட்டார். அந்த ஆண்டின் கணக்கில் வன்முறையே வென்றதாகத் தோன்றும். ஆனால், மஞ்சூரியாவைக் கவர்ந்த பேரரசு 1945இல் வீழ்ந்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது.

இளையோர் இதில் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. முக்தெனில் தொடங்கியது ஒரு சிறு பொய். அறிந்தும் தடுக்கத் துணியாதோர் பலர் இருந்தமையால் அது பெருந்தீயாயிற்று. டார்வெனிலும் தொடக்கம் சிறிதே: தம் செயலால் துன்புற்றவரின் வாயில் தேடிச் சென்று, அவர் சொல்லைக் கேட்டல். இவ்விரண்டில் எதனைத் தொடர்வது என்னும் தெரிவு ஒவ்வொரு தலைமுறைக்கும் வருகிறது, நமக்கும் வரும்.