லார்ட்ஸ்டவுனின் ஒரு லட்சம் முன்பதிவுகள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள லார்ட்ஸ்டவுன் என்ற சிற்றூருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1966இல் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) கார் ஆலை. செவர்லே வேகா அங்கே தயாரானபோது மணிக்கு 100 கார் என்ற வேகத்தை எதிர்த்து 1972இல் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நாடெங்கும் பேசப்பட்டது. 2019 மார்ச்சில் கடைசி செவர்லே குரூஸ் வெளியேறி, ஆலை ஓய்ந்தது. மூடியதற்காக அதிபர் டிரம்ப் ஜி.எம். நிறுவனத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே ஆண்டு நவம்பரில், 62 லட்சம் சதுர அடி பரப்புள்ள ஆலையை லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் என்ற புது நிறுவனம் 2 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியவருக்கு ஜி.எம். நிறுவனமே கடனும் கொடுத்தது.

நிறுவனர் ஸ்டீவ் பர்ன்ஸ் அதற்குமுன் வொர்க்ஹார்ஸ் என்ற மின்வண்டி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அங்கே டபிள்யூ-15 என்ற மின்சாரப் பிக்கப் டிரக்குக்குச் சுமார் 6,000 முன்பதிவுகள் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டது. வண்டி உற்பத்திக்கே வரவில்லை. அதன் தொழில்நுட்ப உரிமத்தோடு அந்த முன்பதிவுகளும் லார்ட்ஸ்டவுனுக்குக் கைமாறுவதாக அறிவிக்கப்பட்டது. ஆக, புது நிறுவனம் முதல் வண்டிக்கு முன்பே ஒரு பழைய முன்பதிவுப் பட்டியலுடன் கணக்கைத் தொடங்கியது.

நான்கு சக்கரங்களுக்குள்ளும் மோட்டாரை வைத்த எண்டியூரன்ஸ் டிரக் 2020 ஜூனில் துணை அதிபர் மைக் பென்ஸ் முன்னிலையில் அறிமுகமானது. விலை 52,500 டாலர். அதன்பின் முன்பதிவு எண்ணிக்கை மளமளவென ஏறியது: ஆகஸ்டில் 27,000, நவம்பரில் 50,000, 2021 ஜனவரியில் ஒரு லட்சம். வாங்கப்போவது தனிநபர்கள் அல்ல, வரிசையாக வண்டி வைத்திருக்கும் வணிக நிறுவனங்கள் என்றது லார்ட்ஸ்டவுன். இந்தப் பதிவுகள் யாரையும் கட்டுப்படுத்தாதவை என்று அறிவிப்பில் இருந்தது உண்மைதான். ஆனால் தலைப்பில் நின்றது எண் மட்டும்.

எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது அன்றைய பங்குச் சந்தையின் போக்கால். தொழில் எதுவும் இல்லாமல் பணத்தை மட்டும் திரட்டிப் பட்டியலான ஒரு நிறுவனம், பிறகு தொழில் உள்ள ஒன்றைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் ‘ஸ்பேக்’ முறை அப்போது கொடிகட்டிப் பறந்தது. வழக்கமான பங்கு வெளியீட்டில் எதிர்கால வருமானத்தைக் கணித்துச் சொல்வது வழக்குக்கு வழிவகுக்கும் என்பதால் நிறுவனங்கள் வாய்திறப்பதில்லை. ஸ்பேக் இணைப்பில் அப்போது அந்தக் கூச்சம் இருக்கவில்லை. விற்பனையே இல்லாத நிறுவனம் கணிப்பைக் காட்ட வேண்டுமென்றால் முன்பதிவைவிட வசதியான ஆதாரம் ஏது? 2020 அக்டோபரில் டயமண்ட்பீக் என்ற ஸ்பேக்குடன் இணைந்த லார்ட்ஸ்டவுன், ஏறத்தாழ 67.5 கோடி டாலரைத் திரட்டியது.

2021 மார்ச் 12 அன்று ஹிண்டன்பர்க் ரிசர்ச் ஒரு அறிக்கை வெளியிட்டது. பங்கு விலை சரிந்தால் லாபம் பார்த்துவந்த நிறுவனம் அது என்பதையும் மறக்கக் கூடாது. அதில் இருந்த ஒரு விவரம் போதும்: 14,000 டிரக், அதாவது 73.5 கோடி டாலர் மதிப்புள்ள பதிவைத் தந்ததாகச் சொல்லப்பட்ட நிறுவனம் டெக்சாஸில் ஒரு சிறு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இயங்கியது. அதற்குச் சொந்தமாக வண்டி வரிசையே இல்லை. முன்பதிவு பிடித்துத் தர ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகவும் அறிக்கை சொன்னது.

லார்ட்ஸ்டவுனின் இயக்குநர் குழு அமைத்த விசாரணைக் குழு, ஹிண்டன்பர்க் அறிக்கையின் பல பகுதிகள் தவறு என்றது. முன்பதிவு விஷயத்தில் மட்டும் அதனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பெரும் எண்ணிக்கையில் பதிவு செய்த ஒருவருக்கு வாங்கும் வசதியே இருப்பதாகத் தெரியவில்லை, வேறு சிலரின் உறுதிமொழிகள் கணக்கில் சேர்க்கத் தகாத அளவுக்கு மேலோட்டமானவை என்று அது ஒப்புக்கொண்டது. 2021 ஜூன் 14 அன்று பர்ன்ஸும் நிதித் தலைவரும் பதவி விலகினர். மறுநாளே நிறுவனத்தின் இன்னொரு உயர் அதிகாரி, கட்டுப்படுத்தும் ஆர்டர்கள் கையில் இருப்பதாகப் பேசினார். அப்படி எதுவும் இல்லை என்று ஜூன் 17 அன்று நிறுவனமே அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பாதையில் முன்னே போனது நிகோலா. அது தன் கனரக டிரக்குகளுக்கு 14,000 பதிவுகள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது. வாங்கிய முன்பணத்தை 2018இல் திருப்பித் தந்து பதிவை இலவசமாக்கியது. அதே ஆண்டு வெளியிட்ட காணொலியில் ஓடிய டிரக், சரிவுச் சாலையில் உருட்டிவிடப்பட்டது என்பது 2020இல் அம்பலமானது. நிறுவனர் டிரெவர் மில்டன் மோசடி வழக்கில் 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது; 2025 மார்ச்சில் டிரம்ப் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நிகோலா திவால் மனு கொடுத்திருந்தது.

பெரிய எண் என்றாலே பொய் என்பதல்ல. 2019இல் ரிவியன் நிறுவனத்திடம் அமேசான் கேட்டதும் ஒரு லட்சம் மின்சார வேன்கள்தான். ஆனால் அங்கே வாங்குபவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவர் ரிவியனில் முதலும் போட்டிருந்தார். 2024க்குள் 15,000க்கும் மேற்பட்ட வேன்கள் சாலைக்கு வந்துவிட்டன.

லார்ட்ஸ்டவுன் தன் ஆலையை 2022இல் ஃபாக்ஸ்கானுக்கு 23 கோடி டாலருக்கு விற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் எண்டியூரன்ஸ் உற்பத்தி தொடங்கியது. 2023 பிப்ரவரியில் கோளாறு காரணமாக வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டபோது, அவற்றின் எண்ணிக்கை 19. ஜூன் மாதம் திவால் மனு. முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடுத்த குற்றச்சாட்டு 2024 பிப்ரவரியில் 2.55 கோடி டாலரில் முடித்துக்கொள்ளப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் அதே ஆணையம், ஸ்பேக் இணைப்புகளில் எதிர்காலக் கணிப்புகளுக்குக் கிடைத்துவந்த சட்டப் பாதுகாப்பை நீக்கி விதியைத் திருத்தியிருந்தது.